அடிக்கிற ஆட்டம், பேசுற ஆட்டம்

கூண்டுக்காரருக்கு வீடியோ கேம் பற்றி ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. அதைக் காது புளிக்கக் கேட்காதவர்கள் அவருடைய சொந்தபந்தத்தில் யாரும் கிடையாது. ஆட்டம் என்றால் அடிக்க வேண்டும். எதிரே வருகிறவனை அடி, விழுந்தால் எழுந்து மறுபடி அடி, ஜெயித்ததும் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படு. இதில் கதை எதற்கு, வசனம் எதற்கு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உங்களுக்கு ஏதாவது ஒத்தாசை வேண்டுமா என்று கேட்பது எதற்கு?

"அது ஆட்டமே இல்ல. கூலியில்லாத வேலை," என்பார்.

கூலியில்லாத வேலை என்று அவர் சொன்னது அவர் மனைவி ஆடுகிற ஆட்டத்தை. அந்த அம்மாள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை அறுத்து விளிம்பு தேய்க்கிற வேலை பார்த்தார். பகலெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற கண்ணாடித் துண்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால், பரந்து கிடக்கிற ஒரு ராஜ்யத்தில் மூலிகை பறிக்கிற பெண்ணாகிவிடுவார். அந்த ராஜ்யத்தின் வடக்குக் கோட்டையில் ஓர் அரக்க ராஜா இருந்தான். அவனை ஒழிக்கத்தான் ஆட்டமே. ஆனால் இரண்டு வருஷமாக அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் வீடு கட்டினார். பக்கத்து வீட்டுக்காரியின் தொலைந்துபோன ஆட்டைத் தேடிக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரனுக்கும் அவன் தம்பிக்கும் இருந்த மனஸ்தாபத்தை நடையாய் நடந்து பேசித் தீர்த்தார்.

"அந்த அரக்கன் அங்க காத்துக்கிட்டு இருக்கான்," என்பார் கூண்டுக்காரர்.

"இருக்கட்டுமே. அவன் எங்க போயிடப் போறான்?"

கூண்டுக்காரருக்குப் பொறுக்காத இன்னொன்றும் உண்டு. அந்த ஆட்டத்தில் தோள்பைக்கு எடை வரம்பு. வரம்பு தாண்டினால் 'சுமை அதிகம்' என்று எழுத்து வரும், மூலிகைப் பெண் தள்ளாடித் தள்ளாடி நடப்பாள். உடனே மனைவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எந்தக் கிழங்கை எறிவது, எந்தக் கத்தியை விற்பது என்று யோசனையில் மூழ்கிவிடுவார்.

"பகல் பூரா நான் சுமை தூக்கிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் சுமைக் கணக்கா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. துறைமுகத்தில் அவர் கிரேன் ஓட்டினார். கப்பலிலிருந்து கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் நிற்கிற லாரிமேல் வைக்கிற ராட்சதக் கிரேன். அதன் கைக்கு அடியில், தரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிற கண்ணாடி அறை ஒன்று தொங்கும். துறைமுகத்தில் எல்லாரும் அதைக் கூண்டு என்பார்கள். அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவருக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது, வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கூண்டின் தரையும் கண்ணாடி. இருக்கையின் நுனிக்கு வந்து, குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடிதான் வேலை. இடது கையில் ஒரு பிடி, வலது கையில் ஒரு பிடி. ஒன்று கூண்டை முன்னும் பின்னும் நகர்த்தும், மற்றொன்று பெட்டியை ஏற்றி இறக்கும். பத்துப் பதினைந்து வருஷம் அப்படிக் குனிந்ததில் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டன.

வேலை முடிந்து வந்து, அதே கைகளின் கட்டைவிரலால் கேம் கருவியின் இரண்டு குட்டிப் பிடிகளைத் தள்ளித்தான் அவர் இளைப்பாறினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் சகலை வந்துவிடுவார். மனைவியின் அக்கா புருஷன். டயர் கடை வைத்திருந்தார். நகக்கண்ணில் கருப்பு போகாத கையோடு வந்து சோபாவில் பாதியை அடைத்துக்கொண்டு, "எடு சகலை, ரெண்டு பேரை அடிச்சிட்டு டீ குடிப்போம்," என்பார். அக்காவும் தங்கையும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சகலைகள் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, வாளும் கோடரியுமாக டிவியைத் துவம்சம் செய்வார்கள்.

அந்த நாட்களில்கூடக் கூண்டுக்காரருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அடிக்கிற ஆட்டங்களும் முன்போல் இல்லை என்பதுதான் அது.

"முன்னெல்லாம் அடிச்சா விழுந்தான். இப்ப அடிச்சா தலைக்கு மேல நம்பர் பறக்குது. இந்த வாளுக்கு இவ்வளவு, அந்தச் செருப்புக்கு இவ்வளவு. சண்டை போடுறோமா, கடையில கல்லாவுல உக்காந்திருக்கோமா?"

"நம்பர் இருந்தாத்தானே யாரு அதிகம் அடிச்சாங்கன்னு தெரியும்," என்பார் சகலை. அதிகம் அடிக்கிறவர் எப்போதும் சகலைதான்.

போன வருஷம் துறைமுகத்தில் கூண்டுகளைக் காலி செய்தார்கள். கிரேன்கள் அப்படியே இருந்தன, ஆட்கள் மட்டும் இறங்கிவிட்டார்கள். வாசல் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பியது. உள்ளே நீளமான அறை, குளிர்சாதனம், வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் நான்கு திரை, இரண்டு பிடி. கிரேன்மேல் மாட்டியிருக்கிற கேமராக்களின் வழியாகப் பார்த்துக்கொண்டே அங்கிருந்து ஓட்ட வேண்டும்.

கூண்டுக்காரருக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலி முதுகைத் தாங்கியது. கழுத்து நிமிர்ந்தே இருந்தது. ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும். கூண்டில் அதற்கு ஒரு பாட்டில் வைத்திருந்தார். அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசியதில்லை. செய்தியைக் கேட்டதும் சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உனக்குச் சம்பளமும் கொடுத்து கேமும் ஆடச் சொல்றாங்களா? அங்க ஆள் எடுத்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு."

சந்தித்தவர்களெல்லாம் இதையேதான் வேறுவேறு விதமாகச் சொன்னார்கள். கூண்டுக்காரரும் சளைக்காமல் சிரித்து வைத்தார்.

சில மாதங்கள் போன பிறகுதான் அலுப்பு தலைகாட்டியது. என்ன அலுப்பு என்று அவருக்கே பிடிபடவில்லை. உடம்பு வலி இல்லை. கழுத்து தேறிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தால், எதிரே கிடக்கிற கேம் பிடியை எடுக்கக் கை நீளவில்லை. எடுத்தாலும் முதல் எதிரியிடமே அடி வாங்கிச் செத்தார். எழுந்து மறுபடி அடிக்கலாம் என்று தோன்றவும் இல்லை. திரையில் 'மீண்டும் முயல்க' என்று வந்து நிற்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கூண்டில் இருந்தபோது பெட்டியைக் கவ்வினால் ஒரு ணங் வரும். காதுக்கு வருவதற்கு முன்னால் இருக்கை வழியாக இடுப்புக்கு வந்துவிடும். பெட்டிக்குள் இருப்பது பஞ்சா இரும்பா என்பதுகூட அந்த அதிர்வில் ஓரளவுக்குத் தெரியும். காற்று அடித்தால் கூண்டும் ஆடும், அவரும் ஆடுவார். இந்த அறையில் கவ்வினால் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். திரையின் ஓரத்தில் மணிக்கு எத்தனை பெட்டி இறக்கினார் என்று ஒரு எண் நின்றது. வேகம் குறைந்தால் அது சிவப்பாகும். ஒரு கிரேனில் லாரி வரத் தாமதமானால், பட்டனைத் தட்டி இன்னொரு கிரேனுக்குத் தாவ வேண்டும். ஒரே நாற்காலியில் இருந்துகொண்டே துறைமுகத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்தார்.

ஒரு நாள் அப்படித்தான் தாவிக்கொண்டிருந்தார். நடுக் கிரேனில் ஒரு பெட்டியை லாரிமேல் இறக்கிக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டுக் கேமராவின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கரையில் வேலை செய்கிறவர்கள் போடுகிற சட்டையின் நிறம். கண்ணில் பட்டது, பட்ட மாதிரியே கடந்தும் போனது. புள்ளி திரையை விட்டு நழுவியதும் அவர் கை பெட்டியை இறக்குவதைத் தொடர்ந்தது. சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு. கீழே யாரோ இருப்பதை ஏதோ ஒரு கருவி மோப்பம் பிடித்து, பெட்டியை அந்தரத்திலேயே நிறுத்தியிருந்தது.

மூன்றாவது திரையில் பார்த்தார். லாரியின் டயரோரம், பெட்டிக்கு அடியில், ஒரு ஆள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று பிணைக்க மூலையில் மாட்டுகிற இரும்புப் பூட்டு ஒன்று கழன்று உருண்டு போயிருக்க வேண்டும். பொறுக்கியவர் நிமிர்ந்தார், தலைக்கு மேலே பார்க்காமலே நடந்து போனார். சிவப்பு அணைந்தது. ஷிஃப்ட் மேலாளர் தன் மேஜையிலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"சிஸ்டம் நிறுத்திடுச்சுண்ணே. அதுக்குத்தான் அது இருக்கு. நீங்க போங்க."

கூண்டுக்காரர் போனார். அடுத்த கிரேனின் படம் வந்தது, அடுத்த பெட்டியை எடுத்தார். ஷிஃப்ட் முடிகிறவரை எண் சிவப்பாகவே இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான், தன் நெஞ்சு ஒரு துடிப்புகூடக் கூடுதலாகத் துடிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கூண்டில் இருந்த காலத்தில், காற்றில் ஒரு பெட்டி அரை முழம் கூடுதலாக ஆடினாலே வாய் உலர்ந்துவிடும். கரையில் யாராவது எல்லைக் கோட்டைத் தாண்டி வந்தால் கண்ணாடித் தரையில் காலைப் போட்டு மிதிப்பார், ஏதோ அங்கே பிரேக் இருக்கிற மாதிரி. இன்றைக்குக் கால் அசையவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். புது ஆட்டம் ஒன்று வாங்கி வந்திருந்தார். பழைய காலத்து நகரம் ஒன்றில் எதிரியைத் துரத்திக்கொண்டு கூரைமேலும் சந்தைக்குள்ளும் ஓட வேண்டும். சகலை ஓடினார். சந்தையில் கூடைகள் பறந்தன, தள்ளுவண்டிகள் கவிழ்ந்தன, வழியில் நின்றவர்கள் நாலா பக்கமும் விழுந்தார்கள். கூண்டுக்காரர் அவருக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தவர், ஒரு இடத்தில் நின்றார்.

"சகலை, அந்த ஆளு என்ன ஆனான்?"

"எந்த ஆளு?"

"கூடை வெச்சிருந்தானே. நீங்க இடிச்சீங்களே."

"எவன்யா அது? ஓடி வா, அவன் தப்பிக்கிறான் பாரு."

"எழுந்திருச்சானா?"

சகலை ஆட்டத்தை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் பார்த்தார். "அவனெல்லாம் கணக்குலயே கிடையாது. சந்தைன்னா ஆள் இருக்கணுமேன்னு சும்மா நிக்க வெச்சிருக்கான். இடிச்சா பாயின்ட்டும் வராது, குறையவும் குறையாது. உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

கூண்டுக்காரர் பிடியைக் குறுமேஜையில் வைத்தார். தலை வலிக்கிறது என்று சொன்னார். சகலை தனியாகக் கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்தார். ருசிக்கவில்லை போலிருக்கிறது, டீ குடித்துவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமே தன் மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் இடைவேளையில் கூண்டுக்காரர் ஷிஃப்ட் மேலாளரிடம் போய், அன்றைக்குக் குனிந்தவர் யார் என்று கேட்டார்.

"எதுக்குண்ணே? புகார் எதுவும் இல்லையே."

"சும்மா. யாருன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

மேலாளர் பதிவை ஓட்டிப் பார்த்து, சட்டையின் முதுகிலிருந்த எண்ணைப் படித்து, கரை மேஸ்திரிக்குப் போன் போட்டார். கூண்டுக்காரர் அந்த ஆளைத் தேடிக்கொண்டு கரைப் பக்கக் கேன்டீனுக்குப் போனார். ஒரு காலத்தில் தினமும் சாப்பிட்ட இடம். கட்டடம் மாறிய பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. மேஸ்திரி கை காட்டிய மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது சொச்சம் வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிபன் டப்பாவின் மூடியை ஸ்பூனால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"உக்காரலாமாம்மா?"

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்துவிட்டாரே தவிர எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டப்பாவை வாங்கி, மூடியை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்தார்.

"போன வாரம் நடுக் கிரேன்ல ஒரு பூட்டு விழுந்துச்சே. நீங்க போய் எடுத்தீங்க."

"ஆமா. அது விழுந்து லாரி டயருக்கு அடியில போயிடுச்சு. ஏன், எடுக்கக் கூடாதா?"

"அப்ப உங்க தலைக்கு மேல ஒரு பெட்டி இறங்கிக்கிட்டு இருந்துச்சு. இறக்கினது நான்தான்."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "எவ்வளவு மேல?"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். நிமிர்ந்து நின்றால் அவள் தலைக்கு ஒரு சாண் மேலேதான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீங்களா நிறுத்தினீங்க?"

"இல்லம்மா. மெஷின்தான் நிறுத்துச்சு. நான் உங்களைப் பார்த்தேன். பார்த்துட்டும் இறக்கிக்கிட்டே இருந்தேன். பார்த்த மாதிரியே படலை."

பக்கத்து மேஜையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு அவள், "மேலேருந்து பார்த்தா அவ்வளவு சின்னதாவா தெரியுறோம்?" என்று கேட்டாள்.

"நான் மேல இல்ல. மேல யாருமே இல்ல. நாங்க எல்லாரும் வாசல் பக்கத்துல அந்தப் புதுக் கட்டடத்துல இருக்கோம். அங்கேருந்துதான் ஓட்டுறோம்."

"மேல யாருமே இல்லையா?"

"போன வருஷமே இறக்கிட்டாங்க."

"நான் வேலைக்குச் சேர்ந்தே ஆறு மாசம்தாண்ணே," என்றாள் அவள். "வந்த நாள்லேருந்து தினமும் காலைல அந்தக் கண்ணாடி ரூமைப் பார்த்துக் கை காட்டிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். ஒரு நாள்கூட யாரும் திருப்பிக் கை காட்டினதில்ல. திமிர் பிடிச்ச ஆளா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். இருந்தாலும் காட்டுவேன். தலைக்கு மேல இருக்கிற ஆளாச்சே, பகைச்சுக்கக் கூடாதுன்னு."

கூண்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்கிற ஆட்டலா, வேண்டாம் என்கிற ஆட்டலா என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் சாப்பிட்டாள், பாதியில் டப்பாவை மூடினாள்.

"ஒண்ணு கேக்கவா? இதை எதுக்கு என்கிட்ட வந்து சொன்னீங்க? தெரியாமலே இருந்திருப்பேன். இனிமே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேல பார்க்கணும். மேல பார்த்துக்கிட்டே கீழ எப்படி வேலை செய்யுறது?"

சொல்லிவிட்டால் தன் மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் அவர் வந்திருந்தார். லேசாகவும் இல்லை. சுமையில் பாதியைக் கொண்டுபோய் ஒன்றும் அறியாத ஒருத்தி தலையில் இறக்கியதுதான் மிச்சம். இடைவேளை முடிந்த மணி அடித்ததும் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வரேண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகப் போகவில்லை. அதுவே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி வருவதற்கு முன்பாகவே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். டிவியைப் போட்டார். மனைவியின் ஆட்டம் திறந்தபடி இருந்தது. மூலிகைப் பெண் ஏதோ ஒரு ஊரின் சதுக்கத்தில் தோள்பையோடு நின்றாள். அவர் பிடியை எடுத்து, அவளை நடக்க வைத்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் போய்ப் பேச வைத்தார். கிணற்றடியில் நின்றவள் மகளுக்குக் காய்ச்சல் என்றாள். செருப்புத் தைக்கிறவன் மழையைத் திட்டினான். காவல்காரன் தன் பழைய காதல் கதையை ஆரம்பித்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவர் பட்டனைத் தட்டித் தட்டிப் பேச்சைத் தாண்டிவிடுவார். இன்றைக்குக் கடைசி வரி வரைக்கும் கேட்டார். கேட்டு முடித்ததும் கிணற்றடிக்குத் திரும்பி வந்து, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மறுபடியும் பட்டனை அழுத்தினார். அவள் முதலில் சொன்ன அதே வார்த்தைகளை அதே முகத்தோடு சொன்னாள். மூன்றாவது தடவையும் அதேதான்.

மனைவி வந்து, செருப்பைக் கழற்றியபடி திரையைப் பார்த்தார். புருஷன் தன் ஆட்டத்தில் கை வைத்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரையாவது அடிச்சிட்டீங்களா?"

"இல்ல. பேசிக்கிட்டு இருக்கேன். ஆனா ரெண்டாவது தடவை கேட்டா இவ அதையேதான் திருப்பிச் சொல்றா. நீ பெருசா சொல்லுவியே, இதுல ஆளுங்க எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னு."

"உங்க சகலையும் நீங்களும் வாரா வாரம் பேசுறது மட்டும் என்னவாம்? அதையேதானே திருப்பித் திருப்பிப் பேசுறீங்க."

அவர் சிரிக்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிடியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆரஞ்சுப் புள்ளியில் ஆரம்பித்து டிபன் டப்பா வரைக்கும். நடுவில் கேம் பற்றியும் ஏதேதோ பேசினார். அடிக்கிற ஆட்டத்தில் ஓரமாக நிற்கிறவனை இடித்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள், பேசுகிற ஆட்டத்தில் நின்று கேட்கச் சொல்கிறார்கள். ஆனால் ரெண்டிலுமே, நாம் டிவியை அணைத்த பிறகு அவனுக்குப் போக ஒரு வீடு கிடையாது என்றார். சொல்லும்போதே, தான் என்ன சொல்ல வருகிறோம் என்று அவருக்கே குழம்பியது.

"எனக்கு ரெண்டுமே அலுத்துப் போச்சு," என்று முடித்தார்.

மனைவி வாய் திறக்காமல் கேட்டார். லென்ஸ் தேய்க்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை உண்டு. கடைசியில், "இப்ப என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கப்பல் வந்து நிக்கிற கடைசி மேடையில பழைய கிரேன் ரெண்டு இருக்கு. சின்னக் கப்பலுக்கு. அதுல இன்னும் கூண்டு இருக்கு. ஆள் யாரும் போக மாட்டேங்கிறாங்கன்னு மேலாளர் புலம்பிக்கிட்டு இருந்தார்."

"கழுத்து?"

"வலிக்கும்."

மனைவி தன் கைவிரல்களை ஒன்றோடொன்று தேய்த்துத் தட்டினார். விரல் நுனியில் லென்ஸ் தூள் வெள்ளையாக அப்பியிருந்தது. "போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கழுத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காரும்போது என்னைத்தான் குத்தம் சொல்லுவீங்க. போக வேணாம்னும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்.

மேலாளருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. குளிர்சாதன அறையை விட்டுவிட்டு மறுபடி ஏணியேறப் போகிறேன் என்கிற ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை. "அந்த ரெண்டையும் சீக்கிரமே மாத்திடுவாங்கண்ணே. அப்ப திரும்ப இங்கதான் வரணும்," என்றார். "வரும்போது வரேன்," என்றார் கூண்டுக்காரர். டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள், அலைய விட்டார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள்.

பழைய கூண்டில் ஏறிய முதல் நாளே கழுத்து தன் வேலையைக் காட்டியது. இருக்கையின் பஞ்சு வெளியே வந்திருந்தது. காற்றுக்குக் கூண்டு கிறீச்சிட்டது. முதல் பெட்டியைக் கவ்வியபோது வந்த ணங் இடுப்பு வழியாக முதுகுத்தண்டில் ஏறி, பல்வரைக்கும் வந்தது. அதில் அவர் எதிர்பார்த்த ஆனந்தம் ஒன்றும் இல்லை, வலித்தது. ஆனால் கண்ணாடித் தரைக்கு அடியில் ஆரஞ்சுச் சட்டைகள் நடந்து போனபோது, கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடியது. கேன்டீனில் பார்த்த பெண்ணுக்கு வேலை நடு மேடையில்தான். அவளை அதன் பிறகு ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் பார்த்தார். அவளும் பார்த்தாள். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

சகலைதான் ரொம்பவும் வருத்தப்பட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். கூண்டுக்காரர் கழுத்தில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு தரையில் மல்லாந்து கிடப்பதைக் கண்டு, "இந்த ஆளை வேலை தின்னுடுச்சு," என்று மச்சினியிடம் அங்கலாய்த்தார். பிறகு தன் டயர் கடைக்கு எதிரே இருக்கிற பூட்டுக் கடைக்காரரோடு ஆட ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. வருவதை நிறுத்தவில்லை, டீ குடிக்க வருவார், அந்தப் பூட்டுக் கடைக்காரருக்குக் கோடரி பிடிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்வார்.

சாயங்காலங்களில் கூண்டுக்காரருக்கு டிவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தலையணை இல்லாமல் தரையில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி சோபாவில் உட்கார்ந்து ஆடுவார். ஒரு நாள் அவர் கேட்டாரென்று, மனைவி ஆட்டத்தில் வருகிறவர்கள் பேசுவதை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. என்ன பதில் சொல்லலாம் என்று மனைவி கேட்பார்; அவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

"ஒரு படகுக்காரன் வந்திருக்கான்," என்றார் மனைவி. "துடுப்பு உடைஞ்சு போச்சாம். காலைலேருந்து யாரும் ஏறலையாம். கை வலிக்குதாம். புதுத் துடுப்புக்கு மரம் வெட்டிட்டு வந்து தருவியான்னு கேக்குறான்."

"முதல்ல அவனைக் கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லு."

"அப்படி ஒரு பதில் இதுல இல்லைங்க."

"என்னதான் இருக்கு?"

"சரி. முடியாது. அப்புறம் வரேன்."

அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வெந்நீர்த் துணி ஆறிப்போயிருந்தது.

"மரம் எங்க இருக்கு?"

"மலைக்கு அந்தப் பக்கம். போயிட்டு வர நேரமாகும்."

"அப்ப அப்புறம் வரேன்னு சொல்லு. ஆனா வரணும்," என்றார்.

மனைவி பட்டனை அழுத்திவிட்டு, துணியை நனைத்து வர எழுந்தார்.